கல்லறைத் தோட்டத்து அடப்பங்கொடி

வேண்டாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவரிடமே சொன்னபோது, "என்னப் பத்தி எழுத இன்னா சார் கீது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுனா என் தப்பையும் சேத்து எழுது" என்றார். ஆகவே தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

சுனாமி வந்து போன மறு வருஷம். திருவிடந்தைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது வேண்டாவின் காலனி. காலனிக்கு முன்னால் கடலோரமாக நீண்டு கிடந்தது ஒரு மணல்மேடு. அதன்மேல் சவுக்கு நட்டால் அடுத்த அலை ஊருக்குள் வராது என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ முடிவெடுத்தார்கள். கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. நடுவதற்குக் காலனிப் பெண்கள் இருபது பேரைக் கூலிக்கு எடுத்தார்கள். அவர்களை வேலை வாங்கும் பொறுப்பு அதே காலனிப் பெண்ணான வேண்டாவுடையது.

அந்த இருபது பேரும் அதுவரை சாலைக்கு அப்பால் ஓடும் கால்வாய்க்கு மேற்கே, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பிடுங்கியும் பிழைத்தவர்கள். நட்ட கன்றுக்குப் பக்கத்தில் வேறு பச்சை எதுவும் இருந்தால் அவர்களுடைய கை சும்மா இருக்காது. மேடு முழுக்கப் படர்ந்திருந்த அடப்பங்கொடியையும், முள்ளுருண்டையாகக் கதிர் விடும் ராவணன் மீசைப் புல்லையும் களை என்றுதான் நினைத்தார்கள். பிடுங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கூலியும் நடுவதற்கு மட்டும்தான். ஆனாலும் ஒரு மாதத்தில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரி, வயல் மாதிரி வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டினாராம். வேண்டாவுக்கு அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன் நான். இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டா மேல் அல்ல, அந்த அதிகாரி மேல். இத்தனை படித்துவிட்டு வந்தவருக்கு, அந்தக் கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர் விடும். காற்று கொண்டுவரும் மணல் இலையில் தட்டி விழும். மணல் மூடினால் கொடி சாகாது, அதற்கு மேலே ஏறிப் படரும். மறுபடி மணல் விழும், மறுபடி ஏறும். மேடு என்பதே அப்படி உயர்ந்ததுதான். கொடியின் நிழலில் நண்டு வளை தோண்டும். ஊதாப் பூவுக்குக் கருவண்டு வரும். மேட்டின் சரிவில் கடலிலிருந்து ஏறி வரும் பங்குனி ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். சவுக்கு நல்ல மரம், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் மெத்தையாகக் கொட்டும் அதன் சருகுக்கு அடியில் வேறு எதுவும் முளைக்காது. கடல் வந்து மேட்டை அரித்தால் மரம் சாயும். சாயும்போது தன் பங்குக்கு ஒரு வண்டி மணலையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

பதினேழு வருஷம் கழித்து, 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. ஒரே இரவில் முன்வரிசைச் சவுக்கு எல்லாம் விழுந்தது. மேடு பாதியாகக் குறைந்தது. மேட்டுக்குப் பின்னால் காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருந்தது. வேறு எவருக்கும் வேண்டாத மணல் என்பதால் அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. அதில் கடல் பக்கமிருந்த இரண்டு வரிசைக் கல்லறைகள் போய்விட்டன. மூன்றாவது வரிசையில் இருந்தது வேண்டாவின் கணவர் மோசஸின் கல்லறை.

மோசஸ் கொத்தனார். சாலையோர விடுதிகள் பலவற்றில் அவர் கட்டிய சுவர்கள் இருக்கின்றன. 2016-இல் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு கார் இடித்துவிட்டுப் போனது. அப்போது அவர்களுடைய ஒரே பெண் சிநேகாவுக்குப் பதினாறு வயது. அதன்பிறகு வேண்டா ஒரு விடுதியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து அவளை டிப்ளமா படிக்கவைத்தார். சிநேகா இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறாள், அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

புயலுக்கு அடுத்த மாதம் அரிப்பை அளக்க நான் போனேன். உதவிக்கு ஆள் கேட்டேன், வேண்டா வந்தார். மூன்று வாரம் நாடா பிடித்தோம். கடைசி நாள் அவர், "சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "ரெண்டு வரிசையும் பூட்ச்சி. அது மட்டும் எப்படி நிக்குது?"

அவர் காட்டிய இடத்தில், அரித்துப்போன விளிம்பில் ஒரு திட்டு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. எப்போதோ கரை ஒதுங்கிய, பேர் தெரியாத ஒருவரைப் புதைத்த இடம். சொந்தம் இல்லாததால் அதை யாரும் சுத்தம் செய்வதில்லை. மேலே அடப்பங்கொடி கனமாக மூடியிருந்தது. மூன்று வாரமும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நான் நாடாவை நீட்டியிருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் வேண்டா 2005-ஆம் வருஷக் கதையைச் சொன்னார்.

2023-இல் மழை தொடங்கியதும் வேண்டா கொடியை நட ஆரம்பித்தார். கொடியை முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுவை மணலுக்குள் புதைத்து, ஒரு கணுவை வெளியே விட வேண்டும். வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம். கூடக் கோதண்டராமன் என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மட்டும் வந்தார். விளிம்பிலிருந்து மூன்றாவது வரிசை வரை, மோசஸின் கல்லறையையும் சேர்த்து நட்டார்கள்.

சிக்கல் நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையில் முளைத்ததையெல்லாம் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். புல் மண்டிய கல்லறை என்றால் செத்தவருக்கு நாதியில்லை என்று அர்த்தம். இந்தத் திருநாள் புயல் காலம் தொடங்குகிற நேரத்தில்தான் வருகிறது. வருஷா வருஷம் புயலுக்குச் சற்று முன்னால், மணலைப் பிடித்திருக்கும் கொடியை அன்பினால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேண்டா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஸ்டான்லி ஒத்துக்கொண்டார். மூன்றாம் வரிசைக்காரர்கள் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மோசஸின் அக்கா ஆராயி மட்டும் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"என் தம்பி இன்னா அனாதயா? பொண்டாட்டி உயிரோட கீறா, பொண்ணு சம்பாரிக்கிறா. அவன் மேல காடு வளக்கிறாளாமே!"

திருநாளன்று மாலை வேண்டா கொடிக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்கு இலையை விலக்கி, மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வந்தார். அந்த டிசம்பரில் வந்த புயலில் விளிம்பு அரை அடிதான் உள்வாங்கியது. நான் என் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் குறித்ததில்லை.

2024-இல் கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் வேண்டாவுக்கு டெங்கு. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திருநாளன்று மத்தியானம் பார்க்கப் போனேன். சற்று நேரத்தில் சிநேகா வந்தாள். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"அத்த போன் பண்ணி அழுதுச்சிம்மா. நீயும் இங்க கீற. அதான் லீவு போட்டு வந்து நானே பண்ட்டேன். பாரு, அப்பா வூடு எப்டி கீது."

படத்தில் மோசஸின் கல்லறை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கல்லறைக்கு முன்னால் விளிம்பு வரையிலும் பிடுங்கியிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். வேண்டா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"நல்லா கீதும்மா," என்றார் மகளிடம். "அப்பா சந்தோஷப்படுவாரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே, நிற்கக்கூடத் தெம்பில்லாமல், உட்கார்ந்தபடியே அந்த இடத்தில் மறுபடி நட்டார். வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். கிடைத்தது மூன்று வாரம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது.

கடல் அடங்கியதும் போய்ப் பார்த்தோம். மூன்றாவது வரிசையில் கொடி மூடிய கல்லறைகள் நின்றன. நடுவில் ஒரே ஓர் இடத்தில் கடல் உள்ளே புகுந்து வாரிக்கொண்டு போயிருந்தது. அங்கேதான் மோசஸ் இருந்தார். கீழே அலை விளிம்பில் சிமெண்ட் சிலுவை ஒரு கை உடைந்து கிடந்தது. அதை எடுத்துத் துடைத்த சிநேகா, திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், நான் கொடிய புடுங்குனதாலயா?"

அவள் தோளுக்குப் பின்னால் நின்ற வேண்டா, வேண்டாம் என்று தலையசைத்தார். இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவன் நான். தப்பான விடைக்கு அரை மார்க் கூடப் போட்டவனில்லை.

"இல்லம்மா. அந்த அலைக்கு முன்னால எந்தக் கொடியும் நிக்காது," என்றேன்.

அவள் அழுதாள். பாரம் இறங்கிய அழுகை. நான் செய்தது சரி என்றுதான் அன்று நினைத்தேன்.

பத்து நாளில் வேண்டா போன் செய்தார். சிநேகா ஆறுதலுக்காக அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை காலனி முழுக்கச் சொல்லியிருக்கிறார். காலேஜ் சாரே சொல்லிவிட்டார், கொடியால் ஒன்றும் ஆகாதாம். பிறகு எதற்குக் கல்லறையை அலங்கோலமாகப் போட்டு வைக்க வேண்டும்? கிறிஸ்துமஸுக்குச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஆறு குடும்பங்கள் சொல்லிவிட்டன.

"நீ சொன்ன பொய்ய நீயே வந்து வாபஸ் வாங்கு சார்," என்றார்.

நான் தயங்கினேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் ஆயுசுக்கும் சுமக்க வேண்டுமே என்றேன். "செரி. நானே சொல்றேன். பெத்தவ சொல்றதுதான் நாயம். நீ கூட நில்லு," என்று போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போகுமுன், சிநேகாவை மேட்டுக்கு அழைத்து வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சாரு உன்கிட்ட பொய் சொன்னாரு. நான்தான் சொல்ல வெச்சேன். நீ புடுங்குனதாலதான் அப்பா பூட்டாரு. உனுக்குத் தெரியாது, உன் மேல குத்தம் இல்ல. உன்கிட்ட முன்னாடியே சொல்லாதது என் குத்தம். உன்ன எப்படியாச்சும் காப்பாத்தணும்னு பாத்தேம்மா. ஆனா இப்ப மத்த பிள்ளைங்க அப்பனையும் கடலுக்குக் குடுத்துருவேன் போலக் கீது."

சிநேகா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தொடப் போனபோது விலகி நடந்தாள். பஸ்ஸைப் பிடித்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கோயிலுக்குள் போய்ப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நானும் வேண்டாவும் வாசலில் நின்றோம்.

ஆராதனை முடிந்து உபதேசியார் அறிவிப்புகளைப் படித்தார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். சிநேகா எழுந்தாள்.

"எங்கப்பா கல்லறைய நான்தான் சுத்தம் பண்ணேன். சாரு சொன்னது பொய். கொடி இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு." நின்று மூச்சு வாங்கினாள். "உங்களுக்கெல்லாம் அப்பா அம்மா இன்னும் அங்க கீறாங்க. புடுங்காதீங்க."

வேண்டா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மோசஸைப் புதைத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை என்று ஆராயி பிறகு என்னிடம் சொன்னார்.