எல்லாத்துக்கும் அஞ்சு போடு

என் அக்கா கலாதேவி ஈப்போவில் மெங்லெம்பு பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் பதினான்கு பிள்ளைகள், மதியம் அதே பதினான்கு பேர். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுது பாப்பா, வேன் நம்பர மட்டும் போடாத" என்றாள்.

நாங்கள் கோலா கங்சார் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது ஈப்போவுக்கு வந்தோம். அக்கா பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தேன். வீட்டில் முதல் பட்டம் என்பதால் எல்லோருக்கும் பெருமை. என்ன படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆய்வில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மருத்துவமனையில் பிள்ளை பெற்ற பெண்களிடம், அங்கே எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் வாங்க வேண்டும். பழகிக்கொள்ள முதலில் அக்காவிடம் கேட்டேன். அவளுடைய இளையவன் கோகிலனுக்கு அப்போது மூன்று வயது.

"வலி வந்தப்போ மரியாதையா பேசினாங்களா?"

"ஒரு நர்ஸ் மிஸ்ஸி கத்துச்சி. அஞ்சு போடு."

"கத்துனாங்கன்னா எப்படிக்கா அஞ்சு?"

"பையன் நாலு கிலோ நூறு. வாக்குவம் மிஷினு வெச்சி இழுத்து எடுத்து உசுரோட கையில குடுத்தாங்க. அதுக்கு மேல என்னா கேக்கணும்? எல்லாத்துக்கும் அஞ்சு போடு லா, ரசம் கொதிக்குது."

ஏழு நிமிடத்தில் கேள்விப் படிவம் நிறைந்துவிட்டது. நல்ல மருத்துவமனை என்று நானும் நம்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடந்ததால் அவளுடைய வேனில் ஏறினேன். பள்ளிக்குப் போவதற்குள் இரண்டு பெட்ரோல் நிலையங்களில் நிறுத்தினாள். டயரில் காற்றுப் பார்க்க என்றாள். "ஆன்ட்டி வேன் டயரு இன்னும் கொஞ்சம் காத்து அடிச்சா பறந்துடும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சாலை வேலையால் நெரிசல். இருபது நிமிடம் அசையவில்லை. அக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். வழி கிடைத்ததும் ஒரு கடை வரிசையின் பின்னால் வண்டியை நிறுத்தினாள்.

"பாப்பா, எறங்காத. இந்தப் பக்கம் திரும்பாத."

இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கைலியை எடுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அவளால் சிறுநீரை அடக்க முடியவில்லை, பெட்ரோல் நிலையங்களில் நிறுத்தியதும் கழிவறைக்காகத்தான்.

"எவ்வளவு நாளா?"

"கோகிலன் பொறந்ததுலேருந்து. தும்முனா வரும், தூக்குனா வரும்."

"பிள்ள பொறந்து ஒரு மாசத்துல கிளினிக்குக்குப் போனியே, சொல்லலையா?"

"மிஸ்ஸி பிரச்சினை இருக்கான்னு கேட்டுச்சி. தெரைக்கு அந்தப் பக்கம் நாலு பேரு, இந்தப் பக்கம் மாமியா. இல்லேன்னுட்டேன். கர்ப்பப்பை எறங்கிக்கிட்டு வருது பாப்பா. போனா எடுத்துருவாங்க. அடுத்த ஸ்கூலு தவணைலேருந்து ரூட்ட உடையப்பன் அண்ணன்கிட்ட குடுத்துடப் போறேன். முதுகுவலின்னு சொல்லிட்டேன்."

இந்தத் தொல்லையைப் பற்றி என் ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எத்தனை சதவீதம் பெண்களுக்கு வரும் என்பது மனப்பாடம். அந்தச் சதவீதத்தில் என் அக்கா இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. கேள்விப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தபோதும், நான் அவளைக் கேட்டேனா, கட்டங்களை நிரப்பினேனா?

மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். உள்ளே போகுமுன் மூன்று முறை கழிவறைக்குப் போனாள். மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னது இதுதான்: கர்ப்பப்பை அதன் இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துவிட்டன. அறுவை வேண்டாம், பயிற்சி போதும். வெளியே வந்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு பசிக்குது என்றாள். மீ கோரெங் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பிசியோதெரபியில் பயிற்சி கொடுத்தவர் விவியன் என்ற தமிழ்ப் பெண். சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கு, பத்து எண்ணு, விடு. ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"இத ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னைக்கே யாராச்சும் சொல்லிருக்கலாமே" என்றாள் அக்கா.

"பேப்பர் குடுத்துருப்பாங்க கலா. குடுத்தா போதுமா? அன்னைக்கு உங்களுக்குப் படிக்கிற நெலமையா?"

அக்கா பயிற்சியைச் சிவப்பு விளக்குகளில் செய்தாள். பத்தாவது வாரத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. பலமாகத் தும்மினால் மட்டும் இன்னும் கொஞ்சம்.

பள்ளித் தவணை முடிய ஒரு வாரம் இருக்க, ஒரு சனிக்கிழமை உடையப்பன் அண்ணன் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வாங்க வந்தார். அவரும் வேன் ஓட்டுபவர்தான். நான் உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ரூட்டு குடுக்கல அண்ணே. மன்னிச்சிக்குங்க."

"முதுகுவலின்னியே மா?"

"அது பொய்யி. பிள்ள பெத்த பெறகு ஒன்னுக்கு அடக்க முடியல. இப்ப வைத்தியம் பாத்து நல்லாயிட்டு வருது."

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எங்க பாத்த?" என்றார் மெதுவாக. "எம் பொண்டாட்டி புனிதா மூணு வருசமா ஒரு கல்யாணத்துக்கு வர்றதில்ல. கோயிலுக்கும் வர்றதில்ல. கேட்டா தலைவலிங்கிறா. நான் என்னமோ எம்மேல கோவம்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"அது இதுதானான்னு தெரியாது அண்ணே. நான் கேட்டுப் பாக்குறேன். நீங்க கேக்காதீங்க."

"சரி மா."

"திங்கக்கெழம பிள்ளைங்கள எறக்கிட்டு நேரா உங்க வீட்டுக்கு வாரேன். எட்டு மணிக்குக் கெளம்பி இருக்கச் சொல்லுங்க."