ஷூவுக்குள் இருந்த கார் சாவி

சான்டா கிளாராவிலிருந்து நான், கணவர், மகள் மூவரும் ஹவாய்க்குப் போயிருந்தோம். அங்கே ஒரு நாள் வைமியா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பினோம். வாடகைக் காரை நிறுத்திய நிமிஷத்திலிருந்தே எனக்குச் சந்தேகம். பக்கத்து டிரக்கில் கிழிந்த பனியனோடு சாய்ந்திருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புல்லில் விரிப்பைப் போட்டு, வழக்கம்போல ஷூக்களை வெளியே கழற்றிவிட்டுப் புளியோதரை சாப்பிட்டோம். கார் சாவியைக் கணவர் தன் ஷூவுக்குள் போட்டுவைத்தார். பிறகு வெறுங்காலோடு பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்த கம்பி வேலி வரை போனோம். நான் திரும்பித் திரும்பி டிரக்கையே பார்த்தேன்.

"ஏன் டென்ஷன் ஆகற? வியூவ என்ஜாய் பண்ணு," என்றார் கணவர்.

"கிரீன் கார்டெல்லாம் கார்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

சட்டென்று தூறல் போட்டது. திரும்பினால், அந்த ஆள் எங்கள் ஷூக்களை அள்ளிக்கொண்டு போகிறார்! "ஹலோ! ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கூரை போட்ட ஒரு பெஞ்சுக்கு அடியில் மூன்று ஜோடிகளையும் வரிசையாக வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். நனைந்துவிடுமே என்று எடுத்தாராம். தங்கள் வீட்டிலும் செருப்பை வாசலில்தான் விடுவது வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

நான் நேராகக் கணவரின் ஷூவுக்குள் கையை விட்டேன். சாவி இருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா, யூ டிடின்ட் ஈவன் சே தேங்க்ஸ்," என்றாள் மகள். அதற்குள் டிரக் கிளம்பிவிட்டது.

பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் மகள்தான் சொல்கிறாள். சிவப்புப் பாறை, அருவி, அடியில் ஓடும் ஆறு, எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்த்தது அந்த மனிதரை மட்டும்தான். அவரையும் சரியாகப் பார்க்கவில்லை.