சுறுசுறுப்பு எதுவரை, ஆட்டம் எதிலிருந்து

என் மாமியாரைப் பற்றிப் பேச்செடுத்தால் சொந்தக்காரர்களின் வாயில் முதலில் வருவது ‘சுறுசுறுப்பு’ என்கிற சொல். அறுபத்தேழு வயதில் வீட்டில் எல்லோருக்கும் இட்லி ஊற்றி, என் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மொட்டை மாடி வரை பெருக்கி, கரண்டு பில் கட்டவும் அவரே கிளம்புவார். சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கணவரின் அத்தை சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “எங்க அண்ணிக்கு என்னா சுறுசுறுப்பு பாரேன்!” என்று வியப்பார். வியந்து முடிக்கவும் காபி வரவும் சரியாக இருக்கும்.

மாமனார் இறந்த மறுவருடம், விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் பெண்கள் கூட்டத்தில் மாமியார் சேர்ந்தார். உடற்பயிற்சி என்பது மரியாதைக்குச் சொல்வது. அது ஆட்டம்தான். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இட்லி நேரத்துக்குத் திரும்பிவிடுகிறாரே, கேட்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு ‘வாக்கிங்’ என்று பெயர்.

பிறகு அத்தை பேத்தியின் கல்யாண வரவேற்பு வந்தது. மேடைக்குக் கீழே இளசுகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றி, இரண்டு நாற்காலிகளையும் ஒரு பூ அலங்காரத்தையும் சாய்த்தான். “செம எனர்ஜி!” என்று பெரியவர்களே கைதட்டினார்கள். அடுத்த பாட்டுக்கு மாமியார் எழுந்தார். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவில் போய் முழுப்பாட்டுக்கும் ஆடினார். எதையும் சாய்க்கவில்லை. தாளமும் தப்பவில்லை. மணப்பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மாமனார் போனதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

நாங்கள் வீடு திரும்புமுன் குடும்ப வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிட்டது. அதற்குக் கீழே தமிழ் தழைத்தது. ‘துள்ளல்’ என்றார் ஒருவர், பக்கத்தில் வாயைப் பொத்திய குரங்குப் படத்துடன். ‘குஷி கூடிப்போச்சு’ என்றார் இன்னொருவர். அத்தை மட்டும் நேராக எழுதியிருந்தார்: ‘அண்ணன் போய் ரெண்டு வருஷம் ஆவல, அதுக்குள்ள என்ன ஆட்டம்.’

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பெரிய மாமா வந்தார். மாமனாரின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், கோபப்படுவதும் பிரெஞ்சில்தான். அத்தையும் கூடவே வந்திருந்தார்.

“சே த்ரோ!” என்றார் உட்கார்ந்ததும். ரொம்ப அதிகம் என்று பொருள். “மனுஷனுக்கு உற்சாகம் வேணும்தாம்மா. அதுக்குன்னு ஒரு அளவு வேணாம்?”

“அளவு எவ்ளோ மாமா?” என்று கேட்டார் மாமியார். கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரிய மாமா மீசையைத் தடவினார். அளவு தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அத்தைதான் உதவிக்கு வந்தார். “சுறுசுறுப்பா இரு அண்ணி, யாரு வேணான்றா? ஆட்டம் போடாதன்றோம்.”

“கால் ஒண்ணுதானடி,” என்றார் மாமியார். “சமையக்கட்டுல நடந்தா சுறுசுறுப்பு, மண்டபத்துல நடந்தா ஆட்டமா?”

என் கணவர் செய்தித்தாளில் வரி விளம்பரங்களை ஆழ்ந்து படித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இது நம் பக்கமும் திரும்பும் என்ற பயமும்.

திரும்பியது. “சரி, ஒரு வழி பண்ணிக்கலாம்,” என்றார் மாமியார். “அந்தச் சுறுசுறுப்ப நீங்க எல்லாரும் பங்கு போட்டு எடுத்துக்குங்க. நல்ல வார்த்தை, வுட்டுடாதீங்க. ஆட்டம் எனக்கு இருக்கட்டும். அவரு இருந்தப்ப, ஆடு ஆடுன்னு சொல்லுவாரு. அப்ப எனக்குக் கூச்சம். இப்ப கூச்சம் போச்சு, அவரு இல்ல.”

பெரிய மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பியின் பேச்சு வந்ததும் அவருக்குப் பிரெஞ்சு வரவில்லை. வாசலில் நின்று, “செருப்பு வழுக்காததா பாத்துப் போட்டுக்கம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மாமியார் எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறார், அதுவும் தோழிகளோடு டீ குடித்துவிட்டு. என் கணவர் விறுவிறுப்பாக உப்புமா கிளறுகிறார். விறுவிறுப்பு என்பது தீய்ந்த வாசனையிலேயே தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். நான் மகளைத் துரத்தித் தலைபின்னி, வேனைத் துரத்தி ஏற்றிவிட்டு, லாஸ்பேட்டைக் கல்லூரி அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறேன். “மேடம் எப்பவும் துடிப்பா வர்றாங்க,” என்கிறார் மேலாளர். மூச்சு வாங்குவதை அவர் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்.

அத்தை ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன வாரம் எனக்குப் போன் செய்தார். மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்து, டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று விளக்கி, மெதுவாகக் கேட்டார்:

“அந்த பீச்சுல... சுடிதார்தான் போடணுமா, பொடவையிலயும் வரலாமா?”