பேனருக்கு அடியில் இருந்த பலகை

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு காலி நிலம் உண்டு. ஒருநாள் காலையில் மூன்று பேர் அங்கே அளவு கருவியோடு நின்று, சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். சரக்கு அடுக்கும் கோடவுன் வரப்போகிறது என்றார்கள்.

அந்த நிலம் பள்ளம். கனமழை பெய்தால் எங்கள் வரிசையின் தண்ணீர் முழுவதும் அங்கேதான் போய்த் தேங்கும். அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வீடுகளுக்குள்தான். ஏற்கெனவே ஒரு வெள்ளத்தில் ஃபிரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் நாங்கள்.

நான் அப்போது குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். மைக் கிடைத்தால் விடமாட்டேன். கிடைக்காவிட்டாலும் குரல் குறையாது. அன்றே நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போய்க் கவுண்டரில் சத்தம் போட்டேன். மக்களிடம் கேட்காமல் மூடிய அறைக்குள் முடிவெடுக்கிறீர்களா, இது என்ன நியாயம் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் வேகம் வந்தது.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் அதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“அங்கிள், அறிவிப்புப் பலகை மூனு வாரம் அங்கதான் இருந்துச்சு. ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுங்கன்னு போட்டிருந்துச்சு. எங்க ஆளு எடுத்த போட்டோ இது. பலகையை மறைச்சு மேல கட்டியிருக்கிற பேனர் யாருதுன்னு தெரியுதா?”

தெரிந்தது. ‘தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, அனைவரும் வருக.’ கீழே கொட்டை எழுத்தில் என் பெயரும் கைப்பேசி எண்ணும். அந்தப் பலகையின் இரும்புக் கால்கள் நல்ல உறுதியாக இருக்கின்றனவே என்று நான்தான் ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். பலகையில் பொடி எழுத்தில் மலாயில் என்னவோ இருந்தது. நிலம் விற்கும் விளம்பரம் என்று நினைத்துப் படிக்கக்கூட இல்லை. விருந்து முடிந்த பிறகும் பேனரை அவிழ்க்கவில்லை. அழகாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்சேபம் கொடுக்கும் தவணை முடிந்துவிட்டதா என்று மெல்லக் கேட்டேன். முடிந்து வெகுநாள் ஆயிற்று, ஆனால் ஒரே ஒரு கடிதம் நேரத்துக்கு வந்திருக்கிறது, அதனால் விசாரணைக் கூட்டம் நடக்கும் என்றார். எழுதியவர் மட்டும் பேசலாம். நான் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம்.

எழுதியவர் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெண்மணி. போர்ட் கிள்ளானில் ஒரு கோடவுனில் ஷிப்ட் வேலை. சங்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ‘ஒட்டாத ஆள்’ என்று நானே கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். விசாரணையில் அவர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. லோரி வந்து நிற்க எவ்வளவு மண் கொட்டி உயர்த்துவார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். வெள்ளத்தின்போது கைப்பேசியில் எடுத்த நான்கு படங்களைக் காட்டினார்.

பெரிய வடிகால் கட்டி முடித்த பிறகுதான் மண் கொட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன்: “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“வந்தேன் அண்ணே. காத்துல பேனர் தூக்குச்சு. அடியில இருந்ததைப் படிச்சுட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். கமிட்டி ஆளுங்களோட பேசிக்கிட்டு இருந்தீங்க. கூட்டத்துக்கு வராதவங்க பேச்சை அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டீங்க லா.”

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். எனக்குச் சத்தியமாக அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அதுதான் அதிகம் சுட்டது.

வடிகால் வந்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ பெருமழை. வாசல்படிக்குக்கூடத் தண்ணீர் ஏறவில்லை. இப்போது சங்கக் கூட்டத்தின் தேதியை அவருடைய ஷிப்டைக் கேட்ட பிறகே வைக்கிறோம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் கதவை மூடிவிட்டார்கள் என்று நான் கத்தக் கிளம்பும்போதெல்லாம், அன்று என் வாசல்வரை வந்து திரும்பிப் போனவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்; குரல் தானாக இறங்கிவிடுகிறது.