பிதற்றல் என்று எழுதியவர்களுக்கு

இந்நகரின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டின் கழிப்பறைக் கதவில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஆண்டு இல்லை, கிழமை இல்லை. மாதங்களும் திகதிகளும் மட்டுமே இருந்தன. சில திகதிகளுக்கு எதிரே நீலமையில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் குடும்பமும் மாடியில் நாங்களும் வாழ்ந்த அவ்வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். நாங்கள் அகதிகளாய் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒரு மாலை, என் மனைவி அங்கிருந்து மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கடை பிள்ளையின்ரை பேரைக் கொண்டுபோய்க் கக்கூசுக்கை எழுதி வைச்சிருக்கு! என்ரை பேரும் கிடக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"விசரோ? போய்ப் பாருங்கோ. உங்கடை பேர்தான் எல்லாத்திலும் வடிவாய், கொட்டை எழுத்திலை கிடக்கு."

சென்று பார்த்தேன். உண்மைதான். நாளும் கோளும் பார்த்து, தேனைத் தொட்டு நாவில் வைத்து, செவியில் மும்முறை சொல்லிச் சூட்டிய என் மகளின் பெயர், மலங்கழிக்கும் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. நாட்டை இழந்தோம், வீட்டை இழந்தோம். பெயரையுமா இங்கே கொண்டுவந்து தொங்கவிடுவது? வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். மாலை ஆறு மணி. அவரும் மனைவியும் பிள்ளைகள் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். தட்டுகளில் இருந்த உணவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எவரும் கரண்டியைத் தொடவில்லை. நான் வாய் திறக்குமுன் அவர் ஒரு விரலை உயர்த்தினார். அவருடைய மனைவி எனக்கும் என் பின்னே வந்தவளுக்கும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கொண்டுவந்த சினத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் அமர வேண்டியதாயிற்று. அவர் கண்மூடி ஏதோ முணுமுணுத்தார். எல்லோரும் உண்டனர். உண்டு முடித்ததும் மறைநூலில் ஒரு பகுதியை உடைந்த ஆங்கிலத்தில் படித்தார். பிறகுதான் என்னை நோக்கி, "இனிச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அவர் நகைக்கவில்லை. என்னைக் கதவருகே அழைத்துச் சென்று, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் காட்டினார்: அவருடைய தாய், தமையன், மனைவி, மூன்று பிள்ளைகள். தம் ஊரில் இந்நாட்காட்டியை இங்கேதான் மாட்டுவார்களாம். வீட்டில் எல்லோரும் நாள்தோறும் தவறாமல் வந்து, சற்றுநேரம் அமர்ந்து, கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கும் இடம் இதுவொன்றுதானே; அதனால் எவருடைய பிறந்தநாளும் மறந்துபோகாதாம். "குடும்பத்தாரின் பெயர்களை மட்டும்தான் எழுதுவோம்" என்றார்.

மாடிக்குத் திரும்பினோம். பின்பு என் மனைவி சொன்னாள்: "தங்கடை ஆக்களெண்டு எழுதினது சரி. எண்டாலும், வேறை கதவொண்டு கிடைக்கேல்லையோ?"

வீட்டுக்காரர் பிரீசியர், நெதர்லாந்தின் வடபால் கடலோரத்தில் தமக்கெனத் தனிமொழியுடைய மக்களுள் ஒருவர். இதை அறியாத நான், ஒருமுறை அவரிடம், "உங்கள் முன்னோர் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கொரு கோட்டை கட்டினார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. "அது டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கட்டியது. நான் பிரீசியன். அவர்கள் எங்களையும்தான் ஆண்டார்கள்" என்றார். பெரும்பான்மையின் பெயரால் சிறுபான்மையை அழைக்கும் பிழையை, அப்பிழையால் ஊரிழந்து வந்த நானே செய்தேனே என்று நாணினேன்.

மாட்டுப்பண்ணையில் பிறந்த அவர், இந்நகரின் பாற்பொருள் தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். மேற்பார்வையாளர் பதவி இருமுறை அவரைத் தேடி வந்தது. மாலை வேலைமுறை என்பதால் இருமுறையும் மறுத்தார். ஆறு மணிக்கு மேசையில் ஐவரும் இருக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் நால்வரும் காத்திருக்க வேண்டும். அவர் அறிந்த இல்லறம் அது. பனிப்புயல் நாளொன்றில் மூத்த மகள் பள்ளியிலிருந்து வர எட்டு மணியாயிற்று. அதுவரை ஆறிப்போன உருளைக்கிழங்கின் எதிரே அந்த வீடு கைகட்டி அமர்ந்திருந்ததை என் கண்ணால் கண்டேன்.

இத்தகைய தந்தையிடம்தான், மூத்த மகள் பள்ளிக்குச் சென்ற முதலாண்டில், ஓர் ஆசிரியை வீடுதேடி வந்து அறிவுரை சொன்னாராம்: வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இல்லையேல் பிள்ளை பின்தங்கிவிடும். அன்றிரவே அவர் தம் மொழியை நிறுத்தினார். தாலாட்டையும் நிறுத்தினார். தந்தையை அழைக்கும் 'ஹைட்', தாயை அழைக்கும் 'மெம்' என்னும் இரண்டு சொற்கள் மட்டும் அவ்வீட்டில் எஞ்சின. "பிள்ளைகளுக்காகத்தானே" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் பற்றி எரிந்தது. நானும் ஆசிரியனாக இருந்தவன். ஒரு குழந்தையின் நாவிலிருந்து தாய்மொழியைப் பிடுங்கியெறியச் சொல்லும் துணிவு அப்பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அதை அன்பென்றே நம்பி அவர் செய்தார். அதுதான் கொடுமையினும் கொடுமை.

ஆண்டுகள் ஓடின. நாங்கள் ரூஜ் பகுதிக்குக் குடிபெயர்ந்தோம். அவருடைய மனைவி இறந்தார். அவருக்கு மறதிநோய் முற்றியதும், மூத்த மகள் தன் வீட்டுக்கு அண்மையில், விட்பியில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தாள். அங்கே அவருடைய ஆங்கிலம் கரைந்துபோயிற்று. பல பத்தாண்டுகளுக்கு அடியில் கிடந்த பிரீசியம் மேலெழுந்து வந்தது. வேறெதுவும் அவர் பேசவில்லை.

அவ்வில்லத்தில் பணிபுரிந்த மட்டக்களப்புப் பிள்ளையொருத்தி, ஒருநாள் அவரைப் பார்க்கச் சென்ற என்னைத் தாழ்வாரத்தில் மறித்தாள்.

"மாஸ்ரர், இந்த மனிசன் சாப்பிட மாட்டேங்கிறார். பக்கத்துல இருக்கிறவங்கட கரண்டியையும் தட்டி விடுறார். பெரிய சத்தம் போடுறார். மறுகா, ஆளை மூடின வார்டுக்கு மாத்தப்போறாங்களாம். நித்திரைக் குளிசையும் குடுக்கப்போறாங்க."

"ஏன் பிள்ளை? அவர் என்ன சொல்லுறார் எண்டு ஆரும் கேட்டவையோ?"

"போன்ல ஒரு டச்சுக்காரரைப் பிடிச்சுக் கேட்டாங்க. தனக்கு விளங்கல்ல எண்டு அவர் சொல்லிட்டார். அதால, பிதற்றல் எண்டு பைல்ல எழுதிட்டாங்க."

உணவு வேளையில் சென்று பார்த்தேன். நான்குபேர் மேசையில் அவர். எதிரே ஒரு நாற்காலி வெறுமையாய் இருந்தது. பக்கத்திலிருந்த கிழவர் கரண்டியை எடுத்தார். இவர் அவருடைய மணிக்கட்டைப் பற்றி, வெற்று நாற்காலியைக் காட்டி, உரத்துப் பேசினார். அப்பேச்சில் எனக்கு விளங்கிய சொல் ஒன்றே: மெம். பிள்ளைகளின் மெம், அவருடைய மனைவி, இன்னும் வந்து அமரவில்லை. அதற்குள் எப்படி உண்பது? பார்க்டேலில் என் சினத்தைக்கூடக் காத்திருக்க வைத்த அதே மனிதர்தான் அங்கே இருந்தார். அறிவு மங்கிய நிலையிலும் அவர் தம் குடும்பத்துக்காகக் காத்திருந்தார். அதைத்தான் கோப்பில் தாக்குதல் என்றும் எழுதியிருந்தார்கள்.

அவருடைய மூத்த மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுநாள் மாலை அவள் அந்நாற்காலியில் அமர்ந்தாள். பக்கத்திலிருந்தவர்களை வேறு மேசைக்கு மாற்றிவிட்டு, நானும் என் மனைவியும் அவருக்கு இருபுறமும் அமர்ந்தோம். கைகளைக் கோத்துக் கண்களை மூடினோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பின்பு முணுமுணுத்தார். கரண்டியை எடுத்து, தட்டிலிருந்த அனைத்தையும் உண்டார். மகள் குனிந்து அழுதாள். "என் தந்தை என்னிடம்தான் பேசுகிறார்; அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கொரு சொல்லில்லை" என்றாள்.

நிருவாகி அம்மையாரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். மிக அழகான செய்தி என்றார். ஆனால் மதிப்பீடு முடிந்துவிட்டதாம். ஒருவருக்காக மேசை நிரப்ப ஆளில்லையாம். "அவர் பேசுவது ஒரு மொழி, அதையாவது எழுதுங்கள்" என்றேன். படிவத்தில் 'டச்சு' என்று இருப்பதாகவும், அதை அறிந்தவரே விளங்கவில்லை என்று சொன்னதாகவும் புன்னகையோடு விளக்கினார். மொழிபெயர்க்க வந்தவர் தமக்கு விளங்கவில்லை என்றார். அதைக் கேட்டவர்கள் பொருளே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவருடைய அறியாமையை இன்னொருவருடைய நோயாக்கும் இக்கல்வி எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுகிறது?

அவ்வாரமே அவரை, கதவுகள் பூட்டியே கிடக்கும் மூடிய பிரிவுக்கு மாற்றினார்கள். மாத்திரைகளும் தொடங்கின. மகளும் நாங்களும் முறைவைத்து மாலைதோறும் சென்றோம். பல நாள்களில் தூக்கத்திலேயே இருப்பார். விழித்திருந்த நாள்களில், நாங்கள் அமர்ந்தபின் உண்டார். இலையுதிரத் தொடங்கிய காலத்தில் இறந்தார்.

அவருடைய கோப்பின் படியொன்றை மகள் கேட்டுப் பெற்றாள். கடைசிப் பக்கத்திலும் அதே சொல்: 'பொருளற்ற பிதற்றல்.' என் பேரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "Let it go, தாத்தா. அவர்தான் செத்திட்டாரே" என்றான். செத்ததனால்தான் விடக்கூடாது. உயிரோடிருப்பவன் மறுத்துப் பேசுவான். இறந்தவனுக்கு அந்தத் தாள் ஒன்றே வாய். மனைவிக்காக உண்ணாமல் காத்திருந்த ஒருவரின் இறுதிப் பேச்சு, பொருளற்றது என்ற பெயரோடு ஒரு நிலைப்பேழைக்குள் கிடக்கிறது.

மகளின் ஒப்புதலோடு, அச்சொல்லை நீக்கி, 'பிரீசிய மொழியில் பேசினார்' என்று எழுதுமாறு அவ்வில்லத்துக்குக் கடிதம் எழுதினேன். அனுதாபம் தெரிவித்துப் பதில் வந்தது. இரண்டாம் கடிதத்துக்கு, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. மூன்றையும் ஆங்கிலத்தில், பிழையற எழுதியிருந்தேன்.

நான்காவதை இன்று காலை அஞ்சலிட்டேன். அது முழுவதும் தமிழில் இருக்கிறது. விளங்கவில்லையென்றால், அதையும் பிதற்றல் என்று எழுதிக் கையொப்பமிட்டு எனக்கு அனுப்பட்டும்.