ஜெய்னம்பு மாமியின் வெயில்

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கை பிரின்சியின் பிள்ளை நீல வெளிச்சத்தில் படுத்திருந்தது. பிறந்து சில நாட்கள்தான். மஞ்சள் காமாலை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது. கண்ணை வெள்ளைத் துணியால் கட்டி, டயப்பரை மட்டும் மாட்டிவிட்டிருந்தார்கள். ஜுஹு கடற்கரையில் வெயில் காய வந்த வெள்ளைக்காரன் மாதிரி கையைக் காலை விரித்துக் கிடந்தது. அழுதுகொண்டிருந்த பிரின்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று அவள்தான் கேட்டாள். டாக்டர் சின்னப் பெண், மராட்டிக்காரர். ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். வெயிலுக்குள் எல்லா நிறமும் கலந்திருக்கிறதாம். வானவில்லில் பிரிந்து தெரிவது அதுதானாம். அதில் இந்த மஞ்சளைக் கரைப்பது முக்கியமாக நீலம்; அதை மட்டும் எடுத்துத் தருகிறது இந்த விளக்கு. வெயிலை நம்பி இருக்க வேண்டாம் என்றார். பிரின்சி தலையாட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பல்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் கல்லிக்கு வந்த வெயிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தாராவியில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அந்தக் கல்லி. குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்திருந்ததுபோல அங்கே வெயிலுக்கும் முறை இருந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. காலையில் வந்து விழும் வெயில் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு மாமிக்கு. மாமி வீட்டிலேயே அப்பளம் தேய்த்துக் கொடுப்பவள். மூங்கில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் முதுகில் அப்பளத்தைக் காய வைப்பாள். அப்புறம் வெயில் நகர்ந்து எங்கள் வாசலுக்கு வரும். எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகள் காயும். அதற்கப்புறம் குழாயடிப் பக்கம் போய், சுவரில் ஏறி, காணாமல் போகும். மிச்சம் மீதியை நாங்கள் சாப்பாட்டுத் தட்டில் பிடித்து ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் அடித்து விளையாடுவோம்.

வெயிலுக்குத்தான் பஞ்சமே தவிர கரண்டுக்கு இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர், “இங்கன கரண்டே போவாதா மாப்ள?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, வந்த நாளிலிருந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியும் போய்விடும் என்று நம்பினார். பாவம், ஊருக்குத் திரும்பும்வரை அது போகவில்லை. பட்டப்பகலிலும் எங்கள் கோலியில் பல்பு எரிந்தது. ஒரே அறைதான் கோலி. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் வெள்ளைச் சேலையும் சந்தன நிறமாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பி, வெளியே வந்த பிறகுதான் என் ரெண்டு காலுறையும் வேறு வேறு நிறம் என்று கண்டுபிடிப்பேன். இன்றைக்கும் நான் உடுத்துவதில் ஏதாவது ஒன்று ஒன்றோடொன்று சேராது. பழியைப் பல்பின் மேல் போட்டுவிடுகிறேன்.

அம்மா மறுபடி உண்டானபோது அப்பா மேலே ஒரு மாடி போட்டார். கல்லியில் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, மரச்சட்டம் நிறுத்தி, பத்ரா என்கிற தகரத் தகடு அடித்து, மாடியை ஒரு முழம் கல்லிப் பக்கம் நீட்டினார். பிள்ளைக்குத் தொட்டில் கட்ட இடம் வேண்டுமே. அந்த ஒரு முழத்தில் எங்கள் வாசல் வெயில் மொத்தமாகப் போயிற்று. ஜெய்னம்பு மாமி வாசலில் பாதி மிஞ்சியது.

மாமி கூடையோடு வந்து நின்றாள். “மாடி கட்டுதிய, சரி. கல்லிக்கு வாற வெயிலையும் சேத்துக் கட்டிட்டியளே அண்ணாச்சி!”

அப்பா வாயிலிருந்த ஆணியை எடுத்துத் தகட்டில் அடித்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “வெயிலு என்ன உங்க வாப்பா வீட்டுச் சீதனமா?” என்று கேட்டுவிட்டாள்.

அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எட்டிப் பிடித்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் ரெண்டு வாசல். ஒருத்தி இருமினால் இன்னொருத்திக்குத் தூக்கம் கலையும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ரெண்டு பேரும் அதை ஒழுங்காகச் செய்தார்கள்.

பிரின்சி பிறந்தாள். வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளே மஞ்சளித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகப் பால் கொடுங்கள், காலை இளவெயிலில் காட்டுங்கள், குறையாவிட்டால் ரத்தம் மாற்ற வேண்டியிருக்கும், மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்கள். எனக்கும் பிரின்சிக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா அவனைத்தான் நினைத்திருப்பாள். வீட்டுக்கு வரும்வரை பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

வெயிலுக்கு எங்கே போவது? கல்லியில் மிஞ்சியிருந்தது ஜெய்னம்பு மாமியின் வாசல் வெயில் ஒன்றுதான். கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை, அப்பாவுக்கு முகம் இல்லை. அப்பா கடைக்குப் போய் நூறு வாட் பல்பு வாங்கி வந்தார். புது மாடியில் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார். “வெளிச்சம்னா எல்லாம் வெளிச்சம்தாம்ட்டி. சூரியன் மட்டும் என்ன, பெரிய பல்புதான” என்றார். பத்ராக் கூரைக்குக் கீழே நூறு வாட். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது, வீறிட்டு அழுதது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அப்பாவும் மஞ்சள், நானும் மஞ்சள், சுவரும் மஞ்சள். பிள்ளைக்குக் குறைந்ததா கூடியதா என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பல்பில் நீலம் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று செம்பூர் டாக்டர் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டபோது அப்பா இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை, பிள்ளையின் நிறத்தைப் பார்க்க அம்மா கீழே இறங்கி வந்தாள். எங்கள் வாசலில் இருட்டு. ஒரு எட்டு வைத்து, ஜெய்னம்பு மாமியின் வாசல் ஓரத்தில் நின்றாள். வெயிலில் அப்பளக் கூடைகள் வரிசையாக இருந்தன. ரெண்டு கூடைக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி. அதற்கு மேலே, துணியை விலக்கி, பிள்ளையின் ஒரு காலை மட்டும் நீட்டிப் பிடித்தாள். அந்தக் காலை நான் பார்த்தேன். மஞ்சள் கிழங்கு அரைத்துப் பூசியதுபோல இருந்தது.

உள்ளே அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்த மாமி, கூடை மேல் விழுந்த நிழலைப் பார்த்து எழுந்து வந்தாள். கையெல்லாம் மாவு. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். மாமி காலைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு கூடையாக எடுத்து உள்ளே வைத்தாள். வாசல் காலியானதும், “எங்க வாப்பா வீட்டுச் சீதனம்தான். பிள்ளைக்கு நல்லாக் காட்டு” என்றாள்.

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். “அழாதட்டி, பால் வத்திரும்” என்று மாமி அதட்டினாள்.

பிறகு தினமும் காலையில் பிரின்சி அங்கே மாமியின் மடியில் கிடந்தாள். கூடைகள் பெரிய ரோட்டு ஓரத்துக்குப் போயின. ரோட்டுத் தூசி படிந்து பாதி அப்பளம் வேண்டாமென்று திரும்பி வந்தது. மாமி அதைப் பொரித்து எங்களுக்கே கொடுத்துவிடுவாள். பல்லில் மண் நறநறவென்று கடிபடும். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்போதும் சுத்தமான அப்பளத்தைக் கடித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். குறைந்திருந்தது. ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார்கள். வெயிலால் குறைந்ததோ, பாலால் குறைந்ததோ, தானாகவே குறைந்ததோ, இன்றைய டாக்டரிடம் கேட்டால் வேறு விளக்கம் சொல்வார். எங்கள் கல்லியில் அதற்கு ஒரே விளக்கம்தான். பிரின்சி நடக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாமி மடக்குவாள்: “ஏட்டி, என் வெயிலக் குடிச்சவளே! எப்பட்டி திருப்பித் தருவ?” பிரின்சி பாவாடையைத் தூக்கித் தேடுவாள். கல்லியே சிரிக்கும்.

மழைக்கு முன்னால் பத்ராவை ஒரு முழம் பின்னால் இழுத்துவிடுகிறேன் என்று அப்பா மாமியிடம் சொன்னார். நிஜமாகவே சொன்னார். மழை வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் என்றார். அதற்குள் எதிர்வீட்டுக்காரரும் மாடி போட்டு நீட்டினார்; அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. மேலே ரெண்டு தகடும் ஒன்றையொன்று முட்டப் பார்த்தன. இனி இழுத்தும் பயனில்லை என்று அப்பா விட்டுவிட்டார். கல்லிக்கு வெயில் வருவது நின்றது. எந்த நாள் கடைசியாக வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. மாமி சில காலம் ரோட்டோரத்தில் காயவைத்துப் பார்த்தாள். பிறகு தேய்ப்பதை விட்டுவிட்டு மகனோடு கோவண்டிக்குப் போனாள். அப்பாவின் மேல் அதற்காக எனக்குக் கோபம் உண்டு. அவரை நினைத்தால் அழுகையும் வருகிறது. ரெண்டும் உண்மை.

கல்லியும் இன்று இல்லை. இடித்துவிட்டுக் கட்டிடம் எழுப்பினார்கள். பிரின்சி வீடு நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் ஜன்னல். பகலிலும் எல்.இ.டி. எரிகிறது. சுவர் நல்ல வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே பிடியாக நின்றாள், ஜெய்னம்புவுக்குக் காட்ட வேண்டும் என்று. கோவண்டியில் மாமிக்கும் ஒரு மாடி வீடுதான் கிடைத்திருக்கிறது. ஏழாவது மாடி, கிழக்குப் பக்கம், எதிரே ஒரு கட்டிடமும் இல்லை. கதவைத் திறந்தபோது கண் கூசியது. ஜன்னல் கம்பியின் நிழலோடு வெயில் அறை முழுக்கக் கிடந்தது. நடுவில் பாய் போட்டு மாமி உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கிவிட்டது. பிரின்சியின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “குடிச்சவளா?” என்று கேட்டாள்.

பிள்ளையை நீட்டினோம். மாமி முதலில் வாங்கிக்கொள்ளவில்லை. கையை ஊன்றி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பாயை இழுத்துச் சுவரோரம் தள்ளினாள். வெயில் விழுந்த தரை முழுவதும் காலியானது. “இப்பம் போடு” என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். “சீதனம் கூடிப்போச்சுட்டி. காயப்போடத்தான் ஒண்ணுமில்ல.”