தலைவர் எழுந்து போகாத நாள்

தம்மைச் சேர்ந்தவர்களின் விவகாரம் கூட்டத்தில் எடுக்கப்பட்டால், எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையிலிட்டு மூடுவார். அந்த ஓசை கேட்டதும் உறுப்பினர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறி, வேப்பமரத்தடியில் சைக்கிள்களுக்கு நடுவே போய் நிற்பார். துணைத் தலைவர் கூட்டத்தை நடத்தித் தீர்மானத்தை முடித்து ஆள் அனுப்பினால்தான் உள்ளே வருவார். தங்கை மகன் தேநீர்க் கடைக்கு உரிமம் கேட்ட நாளில் வெளியே நல்ல மழை. "உள்ளாறயே குந்து தலைவரே, நாங்க காத மூடிக்கிறோம்" என்று ஓர் உறுப்பினர் கேலி செய்தார். "காத மூடிக்குவீங்கய்யா, கண்ண? என் மூஞ்சியப் பாத்துகினுதான கை தூக்குவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் நனைந்தபடியே நின்றார்.

அவ்வலுவலகத்தில் நான் குமாஸ்தா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். பழைய தீர்மானப் புத்தகங்களை வாசித்து வாசித்தே எழுத்து நடையைப் பழகிக்கொண்டவன். எங்கள் தெருவார் தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அத்தெருவிலிருந்து ஒருவன் அலுவலகத்தில் நாற்காலி போட்டு அமர்வதைச் சிலர் விரும்பவில்லை. அவர்களை ஒரே பார்வையில் அடக்கியவர் தலைவர். ஆகையால் அவர் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும் என் கை சற்றுப் பெருமிதத்தோடுதான் எழுதும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆவடிப் பக்கமும் அம்பத்தூர்ப் பக்கமும் தொழிற்சாலைகள் பெருகி, கரையான்சாவடிக்கும் மாங்காட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் வரை மனை தேடி ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பயிர்த்தொழில் ஓய்ந்ததால் பயனற்றுப்போன நெற்களத்தில், எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தொன்பது குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. புறம்போக்கு நிலம், பட்டா கிடைக்குமென்று வெகுநாளாகக் காத்திருந்தார்கள். அக்களத்தின் வழியே பெரிய சாலையிலிருந்து ஓர் இணைப்புச் சாலை போடுவதென்று ஒருநாள் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. குடியிருப்போர் சம்மதித்தால் ஏரிக்கரையோரம் மாற்று இடம் தரப்படும். களத்துக்கு அப்பால் யாரோ ஒருவருடைய தரிசு நிலம் மட்டுமே இருந்தது. எதற்காக அங்கே சாலை என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. தலைவரின் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. அவர் எழவில்லை. என் ஐயம் அத்துடன் தீர்ந்தது.

சம்மதத் தாளில் கைநாட்டு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடிசை குடிசையாகச் சென்றேன். முதல் குடிசையில் இருந்த அத்தை, என் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை, கையை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரோடு யாருக்குடா நைனா? நமக்கா? இன்னாத்துக்குப் பெரிய மனுசனுக்கு நம்ம களத்து மேல இம்மாம் பாசம்?"

"தலைவருக்கு இதுல ஒண்ணுமில்ல அத்த. இருந்தா எய்ந்து போயிருப்பாரு. மழையில நின்ன மனுசன் அவரு. கடைசி வரிக்கும் குந்திகினு இருந்தாரு, நான் பாத்தேன்."

அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள். அவள் வைத்தபின் மற்றவர்கள் கேள்வியே கேட்கவில்லை.

குடிசைகள் ஏரிக்கரைக்குப் பெயர்ந்தன, சாலையும் போடப்பட்டது. சில மாதங்கள் கழிந்து, அத்தரிசு நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி கோரும் விண்ணப்பம் கூட்டத்துக்கு வந்தது. நிலத்தின் சர்வே எண்ணை நான் படித்து முடிப்பதற்குள் கண்ணாடி உறை மூடும் ஓசை கேட்டது. "இது நம்ம மச்சான் சமாச்சாரம்பா. நீங்களே பேசி முடிங்க" என்று சொல்லித் தலைவர் எழுந்தார். "இன்னா மனுசன்யா!" என்று உறுப்பினர் ஒருவர் மெய்சிலிர்த்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். என் பேனா மட்டும் தாளில் ஊன்றியபடியே நிற்க, மை ஊறிப் பரவியது. சாலை இல்லையேல் மனை இல்லை. களம் கிடைக்காவிட்டால் சாலையே இல்லை. எழ வேண்டிய நாளில் அவர் அமர்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்தபின் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்றளவும் என்னைச் சுடுகிறது.

"மச்சான் அந்த நெலத்த வாங்குறது அன்னிக்கு வெறும் பேச்சு வார்த்தைதாம்பா. பத்திரம் இப்பதான பதிஞ்சாங்க. சட்டப்படி எனுக்கு இன்னா சம்பந்தம் சொல்லு?"

"மனசுல தெரியுமில்ல ஐயா?"

துண்டைச் சரிசெய்துகொண்டார். "நான் எய்ந்து போயிருந்தா உங்க ஜனம் கை வச்சிருக்குமா?"

அந்த ஐப்பசியிலேயே ஏரி நிறைந்து குடிசைகளுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. அடுப்பும் பாயும் தலையில் ஏற, அத்தை மேட்டை நோக்கி நடந்துவந்தாள். பாயை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. "தலைவர் ஏமாத்திட்டாரு அத்த" என்றேன். "அவுரு எங்க என் ஊட்டுக்கு வந்தாரு? வந்தவன் நீதான?" என்று சொல்லி என்னைக் கடந்து போனாள். அதன்பின் அவள் இறக்கும் வரையில் என்னோடு பேசவில்லை.

தலைவரும் காலமாகி வெகுகாலம் ஆகிறது. சென்ற மாதம் இளைஞர்கள் சிலர் என் வீட்டுக்கு ஒரு மனு கொண்டுவந்தார்கள். இணைப்புச் சாலைக்கு அவர் பெயரைச் சூட்ட வேண்டுமாம். உறவினர் விவகாரமென்றால் கூட்டத்தைவிட்டே வெளியேறிய உத்தமர் என்று அதில் எழுதியிருந்தார்கள். பழைய தீர்மானப் புத்தகங்களைப் பார்த்து எடுத்தார்களாம். அவற்றில் இருப்பது என் கையெழுத்து. "நீங்க கூடவே இருந்தவராச்சே பெரியவரே, மொதல் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்றார்கள். கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தால், பத்தொன்பது வாசல்களிலும் நின்று அவருக்காகச் சாட்சி சொன்னவன் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அவர்கள் மறுபடி வந்தால் இத்தாளையே கொடுப்பேன்.